கார்போகரிசி: திரையை வெல்ல வந்த ஒரு விதையின் வரலாறு

முதுமையைக் குறிக்கத் தமிழில் வழங்கிவரும் பழந்தொடர் "நரை, திரை, மூப்பு" என்பது. இவற்றுள் நரையும் மூப்பும் இன்றும் பேச்சில் உள்ளன. நடுவிலிருக்கும் திரையை மட்டும் நாம் கைவிட்டு, அதன் இடத்தில் 'சுருக்கம்' என்ற சொல்லை வைத்துக்கொண்டோம். திரை என்றால் அலை. மறைப்பாகத் தொங்கும் துணி. பால் கெட்டுப்போனால் பால் திரைந்தது என்போம். தோலில் வரி விழுந்தால் அதுவும் திரை. சமமாக இருந்த ஒரு பரப்பு மடிப்புக் கொள்வதைச் சுட்டும் சொல்லாக இதைக் கொள்ளலாம்.

இந்தத் திரையைப் பற்றிச் சங்கப் புலவர்கள் கொண்டிருந்த பார்வை நம்முடையதிலிருந்து வேறுபட்டது. புறநானூற்றின் 195ஆம் பாடலில் நரிவெரூஉத்தலையார், நரைத்துத் திரைந்த கன்னங்களையுடைய முதியோரை விளித்துப் பேசுகிறார். ஆனால் அவர் கவலைப்படுவது அந்தக் கன்னங்களைப் பற்றியன்று. நன்மை புரியும் ஆற்றல் இல்லையென்றால் தீமையையேனும் தவிருங்கள் என்பதே அவர் சொல்ல வந்தது. 191ஆம் பாடலில் பிசிராந்தையாரிடம், ஆண்டுகள் பல சென்றும் உமக்கு ஏன் நரை தோன்றவில்லை என்று கேட்கிறார்கள். அவர் கூறும் காரணங்களில் ஒரு மூலிகையும் இல்லை. மனைவி மக்கள், ஏவலர், அரசன், ஊரிலுள்ள சான்றோர் என மனிதர்களையே அவர் பட்டியலிடுகிறார்.

எனினும் மூலிகையின் மீதான நம்பிக்கை தமிழ் மரபில் இல்லாமலில்லை. அதியமான் ஔவைக்குக் கொடுத்த நெல்லிக்கனி அதற்குப் பழைய சான்று. சரக சம்ஹிதையின் சிகிச்சைப் பகுதி தொடங்குவதே கடுக்காயையும் நெல்லியையும் போற்றும் இரசாயன அத்தியாயத்தோடுதான். முதுமையுற்ற சியவன முனிவரை மீண்டும் இளைஞராக்கியதாகச் சொல்லப்படும் லேகியமும் அங்கேதான் வருகிறது. சித்த மருத்துவர்கள் இதையே காயகற்பம் என்றார்கள். கரிசலாங்கண்ணி, நெல்லி, கடுக்காய், வேம்பு என அதன் சரக்குகள் பல. இவற்றில் பெரும்பாலானவை உள்ளே உண்பதற்குரியவை என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். திரையைப் போக்க நம் முன்னோர் தேடிய வழி முகத்தின் மேல் பூசும் களிம்பாக இருக்கவில்லை. உணவும் ஒழுக்கமும் சார்ந்ததாக இருந்தது.

இன்று நிலைமை வேறு. முகச் சுருக்கத்துக்கு ஊசியும் இரசாயனக் களிம்பும் வேண்டாம், தாவரங்களிலேயே மாற்று உண்டு என்று உலகச் சந்தை பேசுகிறது. அந்தப் பேச்சின் நடுவே இருப்பது ஓர் இந்திய விதை. வடமொழியில் வாகுசி எனவும் தமிழில் கார்போகரிசி எனவும் வழங்கும் அந்த விதையின் வரலாற்றைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

*

இவ்வரலாற்றை ஆரணியிலிருந்து தொடங்குவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு.

ஆரணி இன்று திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கிறது. 1989இல் மாவட்டம் பிரியும்வரை வட ஆற்காட்டைச் சேர்ந்திருந்தது. மராட்டிய ஜாகீர்தார்கள் ஆண்ட ஊர். 1751இல் கிளைவ் நடத்திய ஆரணிச் சண்டையால் கம்பெனி வரலாற்று நூல்களிலும் இதன் பெயர் உண்டு. ஆனால் தமிழ்நாட்டார்க்கு ஆரணி என்றால் பட்டும் அரிசியுமே. காஞ்சிப் பட்டைவிட எடை குறைந்த சேலைகளுக்குப் பெயர் பெற்ற ஆரணிப் பட்டு, புவிசார் குறியீடும் பெற்றிருக்கிறது. ஊரையொட்டி ஓடுவது கமண்டல நாகநதி. அந்நதியின் பெயரையும் அருகிலுள்ள படைவீட்டு ரேணுகாம்பாளையும் ஜமதக்கினி முனிவரின் கதையோடு சேர்த்துச் சொல்வது இப்பகுதி வழக்கம். மகாபாரத மரபின்படி ஜமதக்கினி பிறந்தது பிருகுவின் குலத்தில்; மருந்தால் இளமை பெற்ற சியவனரும் அதே குலத்து முன்னோர். முதுமையை வென்றவரின் வழித்தோன்றல் பெயரால் வழங்கும் ஆற்றங்கரை என்பது ஒரு தற்செயலான பொருத்தம்தான். ஆயினும் சொல்லத் தக்கது.

முதற்காரணம், கல்யாணம். முகூர்த்தப் புடவைக்காக ஆரணிக்கு வரும் குடும்பத்தின் சாமான் பட்டியலில் பட்டுக்குச் சில வரிகள் கீழே நலங்கு மாவும் இருக்கும். திருமணத்துக்கு முன் பெண்ணுக்கும் பிள்ளைக்கும் மஞ்சளும் சந்தனமும் பூசி நலங்கு வைப்பது தமிழகத்தில் பரவலான சடங்கு. அதற்கும் அன்றாடக் குளியலுக்கும் உரிய பொடியைச் சித்த மருத்துவம் நலங்குமா என்கிறது. நோய் அணுகாமல் வாழ்வதற்கான விதிகளைக் கூறும், தேரையர் பெயரில் வழங்கும் மரபில் அதற்கு இடமுண்டு. பாசிப்பயறு, சந்தனம், வெட்டிவேர், விலாமிச்சு வேர், கோரைக்கிழங்கு, கிச்சிலிக்கிழங்கு, கார்போகரிசி ஆகியவை அதன் சரக்குகளாகச் சொல்லப்படுகின்றன. கடைசியில் வருவதே நம் விதை. பெயரில் அரிசி இருந்தாலும் இது ஆரணிச் சந்தையின் அரிசியன்று. மூங்கிலரிசி, வெட்பாலரிசி என்பனபோல விதையை அரிசி என்று சொல்லும் நாட்டு மருந்துக் கடை வழக்கின்படி அமைந்த பெயர். செடி அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆண்டுக்கொருமுறை முளைத்து மடிவது. விதை கறுத்துச் சிறுத்து, சிறுநீரக வடிவில் இருக்கும்.

இரண்டாவது காரணம், சாயம். ஒரு தாவரம் மூலப்பொருளாக இருந்து, பின்பு ஒரு மூலக்கூறாகச் சுருங்கி, இறுதியில் விலையுயர்ந்த 'இயற்கை'யாகத் திரும்பி வருவதை நெசவு ஊர்கள் ஒருமுறை ஏற்கெனவே பார்த்துவிட்டன. சோழமண்டலக் கரையின் சிவப்பு சாயவேரிலிருந்து கிடைத்தது. நீலம் அவுரியிலிருந்து கிடைத்தது. வட ஆற்காடு அவுரி விளைந்த மாவட்டங்களில் ஒன்று. 1856இல் இங்கிலாந்தில் பெர்கின் முதல் செயற்கைச் சாயத்தைக் கண்டார். 1868இல் ஜெர்மானியர்களான கிரேபவும் லீபர்மனும் சிவப்புச் சாயத்தின் சாரமான அலிசாரினைச் செயற்கையாக உருவாக்கினர். 1897இல் செயற்கை நீலம் சந்தைக்கு வந்தது. அதன்பின் அவுரி வயல்கள் சுருங்கிப்போயின. நூறாண்டு கழித்து அதே அவுரி, 'இயற்கைச் சாயப் புடவை' என்ற பெயரில், சாதாரணப் புடவையைவிடக் கூடுதல் விலைக்குத் திரும்பியது. இந்தப் பாதையை மனத்தில் வைத்துக்கொண்டால் கார்போகரிசி நடந்து வந்த பாதையும் விளங்கும்.

*

கார்போகரிசிக்கு வைத்திய நூல்களில் உள்ள பழைய பெருமை முகச்சுருக்கத்துக்கானது அன்று. அது தோல் நோய்க்கான மருந்து. குறிப்பாக வெண்புள்ளிக்கான மருந்து. மருந்தைக் கொடுத்துவிட்டு அல்லது பூசிவிட்டு நோயாளியை வெயிலில் இருத்தும் முறை இந்திய வைத்தியத்தில் மிகப் பழையது. மருந்தும் வெயிலும் சேர்ந்தால்தான் நிறம் திரும்பும் என்பதை அவர்கள் அனுபவத்தால் அறிந்திருந்தார்கள்.

சென்னை ராணுவத்தில் மருத்துவராக இருந்த வைட்லா ஐன்ஸ்லி தமது மெட்டீரியா இண்டிகாவில் (1826) இவ்விதையைத் தமிழ்ப் பெயரோடு பதிவு செய்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கல்கத்தாவில் கன்னிலால் தே என்ற மருத்துவர் விதையின் எண்ணெய்ப் பிசினை வெண்புள்ளிக்குப் பயன்படுத்தினார். 1933இல் ஜோயிஸ், மஞ்சுநாத், வெங்கட ராவ் ஆகிய மூன்று வேதியியலாளர்கள் இவ்விதையிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்தனர். செடியின் தாவரவியல் பெயரான சொராலியாவை ஒட்டி அது சொராலென் எனப்பட்டது. வெயில் பட்டவுடன் விழித்துக்கொள்ளும் பொருள் அது. புற ஊதா ஒளியில் சொராலென் தோல் செல்லின் மரபணு இழையோடு பிணைந்துகொள்கிறது, தோல் சிவக்கிறது, பின்பு கறுக்கிறது.

1940களின் பிற்பகுதியில் எகிப்து மருத்துவர் எல் மொஃப்தி, நைல் நதிக் கரையில் விளையும் வேறொரு செடியில் இருந்த சொராலென் வகையைக் கொண்டு வெண்புள்ளிக்கு மருத்துவம் செய்தார். 1974இல் அமெரிக்காவில் பாரிஷ், ஃபிட்ஸ்பாட்ரிக், தானன்பாம், பதக் ஆகியோர் சொராலென் வகை மருந்தையும் புற ஊதா விளக்கையும் இணைத்துக் காளாஞ்சகப் படைக்குச் சிகிச்சை அளித்ததை வெளியிட்டனர். உலகெங்கும் தோல் மருத்துவமனைகளில் பரவிய சிகிச்சை அது. பழைய வைத்தியர் வெயிலில் இருத்திய முறையின் அடிப்படையும் இதுவே. அதன் விலையும் பின்னால் தெரிந்தது. இச்சிகிச்சையை நீண்டகாலம் பெற்றவர்களிடம் தோல் புற்றுநோய் மிகுந்ததால், அதில் பயன்பட்ட மருந்தையும் புற ஊதா ஒளியையும் சேர்த்துப் புற்றுநோய் விளைவிப்பன என்று உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியது.

ஆக, இவ்விதையின் முதல் வரலாறு வெயிலைத் தோலுக்குள் இழுக்கும் வரலாறு.

*

இரண்டாம் வரலாறு 1966இல் தொடங்குகிறது. புனேயிலுள்ள தேசிய இரசாயன ஆய்வகத்தில் சுக்தேவ் என்னும் வேதியியலாளர் இந்தியத் தாவரங்களின் சாரங்களை ஆராய்ந்துவந்தார். அவரும் அவருடைய மாணவர்களான கோவர்தன் மேத்தா, ராம்தாஸ் நாயக் ஆகியோரும் கார்போகரிசியிலிருந்து புதியதொரு பொருளைப் பிரித்து, வாகுசி என்ற வடமொழிப் பெயரிலிருந்து பாகுச்சியால் என அதற்குப் பெயரிட்டனர். மேத்தா பின்னாளில் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநரானார். அன்று அவர்களுடைய ஆர்வம் அம்மூலக்கூறின் அமைப்பில் இருந்தது. முகச்சுருக்கத்தைப் பற்றிய பேச்சு அங்கே எழவில்லை.

அப்பேச்சு எழுந்தது அமெரிக்காவில், வேறொரு பொருளைச் சுற்றி. தோலில் திரை விழுவதற்கு வயதைவிட வெயிலே பெரிய காரணம் என்று பென்சில்வேனியாவின் ஆல்பர்ட் கிளிக்மன் 1960களிலேயே வாதிட்டார். ஆரணியில் இதற்கு விளக்கம் தேடி ஆய்வகத்துக்குப் போக வேண்டியதில்லை. வீட்டுக்குள் தறிக்குழியில் அமர்ந்து நெய்பவரின் முகத்தையும், ஊருக்கு வெளியே நெல் வயலில் நாற்று நடுபவரின் முகத்தையும் ஒரே வயதில் ஒப்பிட்டாலே போதும். 1986இல் கிளிக்மன் குழுவினர் வைட்டமின் ஏ வகையைச் சேர்ந்த டிரெட்டினாயின் களிம்பு வெயிலால் சிதைந்த தோலைத் திருத்துகிறது என்று எழுதினர். இதே கிளிக்மன் ஃபிலடெல்ஃபியாவின் ஹோம்ஸ்பர்க் சிறைக் கைதிகளின் தோலில் பல்லாண்டுகள் சோதனைகள் நடத்தியவர் என்பதும் வரலாற்றின் பகுதி. அழகுக் களிம்பின் பின்னணியில் யாருடைய தோல் சோதனைக்களமாக இருந்தது என்ற கேள்வி அங்கே இன்னும் அடங்கவில்லை.

ரெட்டினால் வகைக் களிம்புகள் பயன் தந்தன. கூடவே எரிச்சலும் உரிதலும் தந்தன. கருவுற்ற பெண்களுக்கு அவை தவிர்க்கப்பட்டன. மற்றொரு வழி ஊசி. 1820களில் கெட்டுப்போன மாமிசத்தால் நேரும் நச்சைப் பற்றி முதலில் விரிவாக எழுதியவர் யுஸ்டினுஸ் கெர்னர். மருத்துவரான இவர் ஜெர்மனியின் கற்பனாவாதக் கவிஞர்களில் ஒருவராக இலக்கிய வரலாற்றிலும் இடம்பெற்றவர். அந்த நச்சை மாறுகண்ணைச் சரிசெய்யப் பயன்படுத்த அமெரிக்க அரசு 1989இல் அனுமதித்தது. புருவங்களுக்கு இடையில் விழும் கோடுகளைப் போக்க அனுமதித்தது 2002இல். அதுவே போடாக்ஸ்.

ஊசிக்கு அஞ்சியவர்களும் ரெட்டினால் எரிச்சலைத் தாங்காதவர்களும் மாற்றுத் தேடிய காலத்தில் பாகுச்சியால் மீண்டும் வெளிவந்தது. 2007இல் ஓர் அமெரிக்க நிறுவனம் அதைத் தூய்மைப்படுத்தி அழகுப் பொருள் தயாரிப்பாளர்களுக்கு விற்கத் தொடங்கியது. அமைப்பில் ரெட்டினாலோடு ஒற்றுமை ஏதுமில்லாத பாகுச்சியால், தோலின் மரபணுச் செயல்பாட்டில் அதைப் போலவே மாற்றங்களை உண்டாக்குகிறது என்ற ஆய்வு 2014இல் வந்தது. அதை எழுதியவர்களில் ஒருவர் அப்பொருளை விற்கும் நிறுவனத்தைச் சேர்ந்தவர் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். பின்பு 2019இல் பிரிட்டிஷ் தோல் மருத்துவ இதழில் மற்றோர் ஆய்வு அச்சானது. 44 பேர், 12 வாரங்கள். ஒரு சாரார் 0.5 விழுக்காடு பாகுச்சியால் களிம்பை நாளுக்கு இருமுறை பூசினர். மறுசாரார் அதே அளவு ரெட்டினாலை நாளுக்கு ஒருமுறை பூசினர். இரண்டும் சுருக்கத்தையும் கருமையையும் குறைத்தன. இரண்டுக்கும் இடையே கருதத்தக்க வேறுபாடு இல்லை. எரிச்சலும் உரிதலும் ரெட்டினால் பூசியவர்களிடமே மிகுந்திருந்தன. நம்பிக்கை தரும் ஆய்வுதான். ஆனால் சிறியது, பன்னிரண்டு வாரத்தோடு நின்றது. கருவுற்றோர்க்கு ஏற்றது என விற்பனைக் குறிப்புகள் சொன்னாலும் அதை உறுதிப்படுத்தப் போதிய ஆய்வுகள் நடக்கவில்லை.

*

இங்கேதான் நாம் நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது. 'நம் பாட்டி நலங்கு மாவில் வைத்திருந்ததை வெள்ளைக்காரன் இப்போதுதான் கண்டுபிடித்தான்' என்ற பெருமிதப் பேச்சு இன்று எங்கும் கேட்கிறது. கேட்க இனிமையாகவே இருக்கிறது. ஆனால் மேற்சொன்ன வரலாறு அதற்கு இடந்தருவதாக இல்லை.

முதலாவதாக, பாட்டி நலங்கு மாவில் கார்போகரிசியைச் சேர்த்தது திரையைப் போக்குவதற்காக அன்று. சொறி, படை முதலிய தோல் நோய்கள் வாராமல் காப்பதற்காக. திரைக்கு அந்த மரபு வைத்திருந்த வழி காயகற்பம். நம் நூல்கள் தனித்தனியே வைத்த இரண்டை ஒன்றாக்கி, நூல்களில் இல்லாத பெருமையை அவற்றின் மேல் ஏற்றுகிறோம். அந்நூல்கள் உண்மையில் சாதித்தது வேறு: வெயிலோடு சேர்ந்து தோலின் நிறத்தை மாற்றும் ஒரு விதையை அடையாளம் கண்டது. அறிவியல் வரலாற்றில் அது சிறிய செயலன்று. பொய்ப் பெருமை பேசும்போது மெய்ப் பெருமை மறைந்துபோகிறது.

இரண்டாவதாக, சந்தைக்குத் திரும்பி வந்திருப்பது விதையன்று. விதையிலிருந்த ஒரே ஒரு பொருள். ஒரே விதைக்குள் இரண்டும் இருக்கின்றன: வெயிலைத் தோலில் ஏற்றும் சொராலெனும், வெயிலால் சிதைந்ததைத் திருத்துவதாகச் சொல்லப்படும் பாகுச்சியாலும். நிறுவனம் விற்பது சொராலெனைக் களைந்த பாகுச்சியாலை. நாட்டு மருந்துக் கடையில் பொட்டலமாகக் கிடைக்கும் பொடியிலும், வாகுசித் தைலம் என்று வரும் எண்ணெயிலும் சொராலென் அப்படியே இருக்கிறது. நலங்கு மாவில் அது ஏழில் ஒன்றாகக் கலந்திருந்தது. தேய்த்த சிறிது நேரத்தில் நீரோடு போயிற்று. அதையே தனியாக அரைத்து முகத்தில் காயவிடுவதும், எண்ணெயை இரவெல்லாம் வைத்திருந்து காலையில் வெயிலில் இறங்குவதும் வேறு காரியங்கள். முகம் கன்றிக் கொப்புளிக்கலாம். கறுத்த திட்டு மாதக்கணக்கில் நிற்கலாம். சுருக்கம் விழக் காரணமான வெயிலையே கூடுதலாக உள்ளே விடும் செயல் அது. விதையை உள்ளுக்குச் சாப்பிட்டுக் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றியும் மருத்துவ இதழ்களில் பதிவுகள் உள்ளன. தாவரம் என்பதாலேயே ஒன்று தீங்கற்றதாகிவிடாது என்பதைப் பழைய வைத்தியர்கள் நன்கறிந்திருந்தார்கள். சரக்குகளின் சுத்தி முறைகளைப் பற்றி அவர்கள் அவ்வளவு எழுதியதற்குக் காரணம் வேறென்ன?

மூன்றாவதாக, உரிமை பற்றிய கேள்வி. புண்ணாற்றும் மஞ்சளுக்கு அமெரிக்காவில் 1995இல் வழங்கிய காப்புரிமையை இந்திய அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றம் எதிர்த்து, 1997இல் அதை நீக்கச் செய்தது. நம் நூல்களில் ஏற்கெனவே இருந்த பயன் என்பதை அங்கே காட்ட முடிந்தது. அந்த அனுபவமே 2001இல் மரபறிவு மின்நூலகம் தொடங்கத் தூண்டுதலாயிற்று; சித்த மருத்துவ நூல்களும் அதில் இடம்பெற்றன. கார்போகரிசியில் அதே வாதத்தை அப்படியே வைக்க முடியாது. சுருக்கத்துக்கான பயன் நூல்களில் இல்லை. பொருளைப் பிரித்தவர்கள் இந்தியர்களே என்றாலும் பயனைத் தேடியவர்கள் அவர்களல்லர். வெண்புள்ளி மருந்தென்று நம்மிடம் நூல் இருந்தது. மூலக்கூறு நம் ஆய்வகத்தில் கிடைத்தது. இரண்டையும் வைத்துக்கொண்டு அடுத்த கேள்வியைக் கேட்க நாற்பது ஆண்டுகள் ஒருவரும் முன்வரவில்லை. வருந்த வேண்டுமானால் இதற்காக வருந்தலாம்.

*

சாயத்தின் கதையில் அலிசாரின் முதலில் வேரிலிருந்து பிரிக்கப்பட்டது. பின்பு நிலக்கரித் தாரிலிருந்து உருவாக்கப்பட்டது. வேர் தோண்டியவர்கள் பிழைப்பிழந்தனர். பாகுச்சியாலையும் விதையின்றி ஆய்வகத்தில் உருவாக்கும் வழிகளை வேதியியலாளர்கள் கண்டிருக்கிறார்கள். அவ்வழிகள் மலிவாகும் நாளில் கார்போகரிசி பயிரிடுவோர்க்கும் அதே கதி நேரலாம். அன்றும் குப்பியின் மேல் ஊதா நிறப் பூங்கொத்தின் படம் இருக்கும். 'தொன்மையான இந்திய இரகசியம்' என்ற வாசகமும் இருக்கும்.

ஆரணியில் பட்டு நூலைச் சாயத்துக்கு முன் சோப்புக் கரைசலில் வேகவைப்பார்கள். இழையைப் போர்த்தியிருக்கும் பசை கழன்று, நூலின் எடையில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு குறைந்துவிடும். செரிசின் எனப்படும் அந்தப் பசையும் இப்போது தோலுக்கான அழகுப் பொருள்களில் சேர்கிறது. நெசவாளர் கழுநீரில் விடுவதை வேறொருவர் குப்பியில் அடைத்து விற்கிறார். ஆனால் பட்டைப் பற்றி நெசவாளருக்கு ஒரு தெளிவு உண்டு. பசை வேறு, இழை வேறு. இரண்டுமே கூட்டிலிருந்து வந்தவை என்பதற்காக ஒன்றை மற்றொன்றென்று அவர் விற்பதில்லை. கார்போகரிசியின் விஷயத்திலும் நமக்கு வேண்டியிருப்பது அந்தத் தெளிவுதான். கல்யாணத்துக்கு நலங்கு மாவு அரைப்பவர்கள் அரைக்கட்டும்; அது நல்ல குளியல் பொடி. களிம்பு வாங்கக்கூடியவர்கள் அதிலுள்ளது எது, எவ்வளவு என்று படித்து வாங்கட்டும். ஒன்றின் சான்றை மற்றொன்றுக்குக் காட்டாதிருந்தால் போதும்.

வெயிலில் நாற்று நடுபவருக்கு இந்த இரண்டினாலும் ஆவது குறைவு. தலைக்கு முக்காடும் நண்பகலில் மரநிழலும் கிடைக்கச் செய்வதே அவர் முகத்துக்கான மருந்து. பிசிராந்தையாரிடம் இதைக் கேட்டிருந்தால் தம் பட்டியலில் அதையும் சேர்த்திருப்பார் என்றே தோன்றுகிறது.